பாறணைக்கு மறுநாள்

போத்தல் மறுபடியும் சிவந்திருந்தது.

புதன்கிழமை காலை. வெள்ளவத்தையில் ஒரு தனியார் மருத்துவமனையின் சிறுவர் பிரிவு. டொக்டர் பஸீஹா போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஐந்து வயதுச் சிவானியின் சிறுநீர். கந்தசஷ்டி முழுவதும் நாள்தோறும் வந்த போத்தல்கள் தெளிவாக இருந்தன. விரதப் பாறணை முடிந்து மறுநாளே பழைய குருடி கதவைத் திறந்துவிட்டாள். பஸீஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாதக்கணக்கில் இதே கூத்துத்தான். சிவானியின் சிறுநீரகத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தாயிற்று. ஒரு குறையும் இல்லை. இருந்தும் கொடுத்த மாத்திரைகளால் பிள்ளையின் முகம் ஊதிக் கண் இடுங்கிப் போயிருந்தது. இரத்தம் இல்லாமல் வந்த போத்தல் முன்பு ஒன்றே ஒன்றுதான். அது ஒரு வெள்ளிக்கிழமை; வெள்ளியில் போத்தல் வந்ததும் அந்த ஒரு தடவைதான். நோய் வந்துவந்து போகும் என்று பெரிய டொக்டர் இராசரத்தினம் அதைத் தள்ளிவிட்டார். இப்போதும் அதையே சொன்னார். முருகன் ஆறு நாள் லீவு கொடுத்தாராம். நாளைக் காலை இன்னொரு முறை சதை எடுப்பது, பிறகு இதைவிடக் கடுமையான மருந்து என்று முடிவாயிற்று.

இன்று வரச் சொல்லியிருந்ததால் வெளியே தாயும் தகப்பனும் பிள்ளையோடு இருந்தார்கள். போத்தலைக் கொண்டுவருவது எப்போதும் தகப்பன் கஜேந்திரன். அலுவலகத்துக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டு, கேள்வி கேட்க முன்னரே நழுவிவிடுவான். தாய் உஷாந்திக்கு எல்லா மருந்தின் பெயரும் நுனிநாக்கில். தாதிமாருக்கு அவளென்றால் உயிர். சஷ்டியில் தெளிந்துவிட்டது என்று சொன்ன அன்று நெடுநேரம் அழுதாள்; ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். ஆறு நாளும் பட்டினி கிடந்தவள் அவள். இவரோ சஷ்டியிலும் மத்தியானம் கடையில் மீன்சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார் என்று தாதிமாரிடம் புருஷனைப் பற்றிக் குறைப்பட்டாள். பஸீஹா அதைக் கேட்டுச் சிரித்திருந்தாள்.

இன்று சிரிப்பு வரவில்லை. போத்தலை எடுத்துக்கொண்டு தானே ஆய்வுகூடத்துக்குப் போனாள். இதுவரை இரத்தச் செங்குழியங்களை எண்ணியது இயந்திரம்; ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை. அவள் நுணுக்குக்காட்டியில் குனிந்தாள்.

செங்குழியங்கள் நீள்வட்டமாக இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி.

இரண்டாம் முறையும் பார்த்தாள். பிறகு போய் இராசரத்தினத்தைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் குனிந்தவர் நிமிர வெகுநேரம் எடுத்தது. அந்தக் கரும்புள்ளி கரு. மனிதச் செங்குழியத்தில் கரு இல்லை. மீன், கோழி போன்றவற்றுக்குத்தான் இருக்கிறது. யாரோ பிள்ளையின் சிறுநீரில் வேறு இரத்தத்தைக் கலந்து கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பித் தாங்கள் ஊசி குத்தியிருக்கிறார்கள்.

"தகப்பன்," என்றார் இராசரத்தினம். "கொண்டு வாறதும் அவன். விரதத்திலயே மீன் தின்னுறவன்."

பஸீஹாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். வாசல்வரை போனவள் நின்றாள். சிறிது யோசித்துவிட்டு, பிள்ளையைத் தாதியிடம் விட்டுவிட்டு இருவரையும் உள்ளே அழைக்கச் சொன்னாள்.

போத்தலை நிரப்புவது யார் என்று கேட்டாள். வீட்டில் தான் நிரப்புவதாக உஷாந்தி சொன்னாள். தான் கொண்டுவருவது மட்டுந்தான் என்றான் கஜேந்திரன். இரண்டு பேர் கையிலும் போத்தல் தனியே இருந்திருக்கிறது.

"ஒன்டு செல்லணும்," என்றாள் பஸீஹா. குரலை உயர்த்தவில்லை. "போத்தல்ல ஈக்கிறது புள்ளேட ரத்தமில்ல. மீன்ட ரத்தம். சஷ்டியில வந்த போத்தல்களையும் திரும்பப் பாத்த. அதுகள்லயும் ஈக்கி."

மீன் என்றது ஊகம். சஷ்டிப் போத்தல்களிலும் இருக்கிறது என்றது பச்சைப் பொய். இராசரத்தினம் திரும்பிப் பார்த்தார்.

கஜேந்திரனுக்கு ஒன்றும் ஓடவில்லை. "மீனோ? பிள்ளையின்ர சலத்திலயோ?" என்று மனைவியைப் பார்த்தான்.

உஷாந்தியின் முகம் சிவந்தது. "அது பொய். சஷ்டியில நான் மீனைக் கையாலயும் தொடேல்லை. விரத நாளில அப்பிடிச் செய்வனே?"



"மத்த நாள்ல?" என்று கேட்டாள் பஸீஹா.

உஷாந்தி மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஜேந்திரன் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

அவர்கள் போன பிறகு தாயைச் சந்தேகித்த காரணத்தை இராசரத்தினம் கேட்டார். பஸீஹா சொன்னாள். கஜேந்திரனுக்குச் சஷ்டியும் ஒன்றுதான், மற்ற நாளும் ஒன்றுதான். அவன் என்றால் அந்த ஆறு நாளும் போத்தல் சிவந்தே வந்திருக்கும். மீன் வராத நாளில் நோயும் வராத வீடு அது. வெள்ளிக்கிழமைப் போத்தல் தெளிந்திருந்ததும் அதனால்தான். பிள்ளையை நோயாளியாக்கத் துணிந்தவளுக்கு விரதத்தை முறிக்கத் துணிவு வரவில்லை.

"நானும் சஷ்டி பிடிக்கிறனான்," என்றார் இராசரத்தினம். "எனக்கு இது விளங்கேல்லை."

பஸீஹாவுக்கு அவர்மேல் கோபம், தன்மேல் அதைவிடக் கோபம். பக்தியும் கண்ணீரும் மருந்துப் பெயர்களும் கண்ணை மறைத்துவிட்டன. நாளைய ஊசி நிறுத்தப்பட்டது. மாத்திரையைத் திடீரென்று விட முடியாது. கொஞ்சங்கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு அறிவித்தார்கள். உஷாந்தியை மனநல வைத்தியரிடம் அனுப்பினார்கள். பிள்ளை வார்ட்டிலேயே தங்க, தாதி எடுத்த சிறுநீர் ஒவ்வொரு நாளும் தெளிவாகவே இருந்தது.

அடுத்த கிழமை பஸீஹா கட்டிலருகே உட்கார்ந்து, சிவானிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, இனி ஊசி இல்லை என்று சொன்னாள். பிள்ளை சந்தோசப்படும் என்று நினைத்திருந்தாள்.

சிவானி வாசலை எட்டிப் பார்த்துவிட்டு அவளுடைய கையைப் பிடித்தது.

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, டொக்டர். எனக்குச் சுகமெண்டா அம்மா அழுவா."