பழைய வண்டி அனுப்பிய கோடுகள்

எங்கள் இதய வார்டுக்கு நோயாளி வருவதற்கு முன்பே அவருடைய ஈசிஜி வந்துவிடும். ஆம்புலன்ஸிலேயே எடுத்து வார்டு செல்போனுக்கு அனுப்புவார்கள். வண்டி வாசலைத் தொடும்போது, அடைப்பை நீக்க டாக்டர் கையுறையோடு நிற்பார்.

அன்று மதியமும் செல்போன் ஒலித்தது. கடுமையான மாரடைப்பு. அடித்துப் பிடித்துத் தயாரானோம். யாரும் வரவில்லை.

மறுநாளும் அதே கோடுகள், அதே ஏமாற்றம்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்த ஏற்பாட்டையே நிறுத்திடுவாங்க சிஸ்டர்" என்றார் டாக்டர். நிறுத்தினால் பழையபடி தூரத்து நகரத்துக்குத்தான் ஓட வேண்டும். பாதிப் பேர் வழியிலேயே போய்விடுவார்கள். 

அனுப்பிய வண்டியின் எண்ணைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் சக்கரமில்லாமல் கிடக்கும் பழைய ஆம்புலன்ஸ். அதன் சாவி எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவரிடம்தான் இருக்கிறது. எனக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது.

மூன்றாம் நாள் செல்போன் ஒலித்ததுமே, கையும் களவுமாகப் பிடிக்க ஓடினேன். டிரைவர் அந்த வண்டியருகே நெஞ்சை நீவியபடி நின்றிருந்தார்.

"விளையாட வேற இடம் கிடைக்கலையாண்ணே?"

"சத்தியமா நான் இல்ல சிஸ்டர். எங்கண்ணன் நெஞ்சுவலியில இதுக்குள்ளதான் செத்துப்போனான். இதுல போய் விளையாடுவேனா?"

"நெஞ்சுக்கு என்ன?"

"வாயுதான்."

கதவைத் திறக்க வைத்தேன். பூசண வாடை. கருவி எதுவும் இல்லை. கிழிந்த படுக்கையில் மட்டும், நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி வில்லைகள்.

தொட்டேன்.

சூடாக இருந்தன.

"உங்க நெஞ்சுலதான் ஒட்டியிருக்கீங்க. வார்டுல வந்து படுங்க, ஒத்துப் பார்த்துடறேன்."

வண்டியைப் பூட்டிச் சாவியை நானே வாங்கிக்கொண்டேன். முறைத்துக்கொண்டே வந்து படுத்தார். ஈசிஜி தாளைச் செல்போனோடு வைத்துப் பார்த்தேன். ஒரு மேடு பள்ளம்கூட மாறவில்லை. திருடன் அகப்பட்டான் என்று நிமிர்ந்தேன்.

அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

அது வாயு இல்லை, மாரடைப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலறினேன். அழைப்பை நம்பி டாக்டர் ஏற்கெனவே கையுறையோடு நின்றதால் ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. அடைப்பு நீங்கியது. பிழைத்துக்கொண்டார்.

"அண்ணன் தோளைத் தொட்ட மாதிரி இருந்துச்சு" என்று முனகினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது செல்போன் மறுபடி ஒலித்தது.

அதே பழைய வண்டி. சாவி என் பையில் இருந்தது.

கோடுகள் மட்டும் வேறு யாருடையவோ.

வார்டில் நின்ற நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 

டாக்டர் மெல்லத் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.