வீடு பார்க்க வந்தால் குரைக்கும் நாய்

"நாளைக்குக் காலையில இந்த நாய் காப்பகத்துக்குப் போகுது. உங்களால முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. இனிமே யார்கிட்டயும் கெஞ்ச எனக்குத் தெம்பில்ல," என்றாள் வங்கிக்காரி, கதவைத் திறந்ததும் திறக்காததுமாக.

வந்திருந்த நாய்ப் பயிற்சியாளர் பதறவில்லை. ஐம்பதைக் கடந்த பெண்மணி. செருப்பைக் கழற்றுவதைக்கூட யோசித்துச் செய்பவர். அவருடைய நரைத்த மீசைக்கார உதவியாளரோ அதற்குள் கூடத்தில் நாயின் முன் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு 'அவசரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பட்டாணி என்ற அந்தப் பழுப்பு நாய் அவர் கையை நக்கியது.

"பாத்தீங்களா? பசு மாதிரி நிக்குது. பால்காரர், குழாய் ரிப்பேர்காரர் யாரையும் ஒண்ணும் பண்ணாது. வீடு பாக்க ஆள் வந்தா மட்டும் பேய் பிடிச்ச மாதிரி குரைக்குது. வந்தவங்க தலைதெறிக்க ஓடறாங்க. ஏற்கெனவே ரெண்டு பயிற்சியாளர் கையை விரிச்சுட்டாங்க."

அவள் தினமும் இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போகிறவள். வங்கிக்குப் பக்கத்திலேயே, பதினான்காவது மாடியில் ஒரு வீடு அமைந்திருந்தது. இந்த வீட்டை விற்றால்தான் அது கைக்கு வரும்.

மூலை நாற்காலியில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார்.

"கடைசியா வந்தவங்க எப்படி உள்ள வந்தாங்க?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"மணி அடிச்சாங்க, திறந்தேன். இவர் பின்னாலேயே வந்து 'நல்வரவு'ன்னு சிரிச்சார். உடனே இது ஆரம்பிச்சுடுச்சு. இவர்தான் பாவம், இழுத்துட்டுப் போய்க் கட்டினார்."

"மேடம், புது ஆளுங்க செருப்பு வாசனை!" என்று துள்ளினார் அவசரம்.

"குழாய்க்காரரும் செருப்பு போட்டுட்டுத்தானே வந்திருப்பார்? குரைக்கும்போது வால் எப்படி இருந்துச்சும்மா?"

"ஆட்டிக்கிட்டே குரைக்குது. அதுதான் எனக்கு எரிச்சலே. வந்தவங்களைக்கூடப் பாக்கல, திரும்பித் திரும்பி உள்பக்கம் பாத்துச்சு."

பயிற்சியாளர் பின்கட்டுக் கொடியில் காய்ந்த கணவரின் சட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தார். "சட்டைப் பையில எல்லாம் என்ன கறை?"

"ஏதோ எண்ணெய்ப் பிசுக்கு. தேய்ச்சுத் தேய்ச்சு என் கை தேஞ்சதுதான் மிச்சம்."

அவசரம் வெளியே போய் மணியடித்தார். "வாங்க," என்றார் பயிற்சியாளர். நாய் கொட்டாவி விட்டது. மறுபடி மணி. இந்த முறை, "நல்வரவு."

வீடே அதிர்ந்தது. ஆனால் பட்டாணி அவசரத்தின் பக்கம் போகவில்லை. குரைத்தபடி மூலைக்கு ஓடி, கணவரின் மடியில் முன்கால்களை ஊன்றி, சட்டைப் பையை முகர்ந்தது. உள்ளே ஒரு சீஸ் துண்டு தெரிந்தது.

"வாய்ப்பேச்சுல யாரும் 'நல்வரவு'ன்னு சொல்றதில்ல," என்றார் பயிற்சியாளர் நிதானமாக. "நாய்க்கு ஒரு சொல் பழக்கணும்னா, வீட்டுல வேற யாரும் பேசாத சொல்லா இருக்கணும். குரைச்சா பையிலேருந்து ஒரு துண்டு சீஸ். நீங்க வங்கிக்குப் போன பிறகு தினமும் பாடம் நடந்திருக்கு. நாய் கோவப்படல, கூலி கேக்குது. இனி எதுவும் கிடைக்காதுன்னா தானா மறந்துடும்."

வங்கிக்காரி கணவரைப் பார்த்தாள். "அந்த வீட்டை வாங்கலாமான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேனே. 'உன் இஷ்டம்'னுதானே சொன்னீங்க?"

"அந்தப் புது வீட்டு பால்கனியில நின்னப்ப ரெண்டு காலும் நடுங்கிடுச்சு," என்றார் அவர் தலை நிமிராமல். "உயரம்னா எனக்கு உயிரே போயிடும். நீ அவ்வளவு சந்தோஷமா நின்ன. எப்படிச் சொல்றது?"

"இந்த வாயில்லா ஜீவனைக் கூண்டுக்கு அனுப்பறேன்னப்பகூடவா?"

"காலையில சொல்லிடலாம்னு இருந்தேன்."

"சொல்லியிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

பயிற்சியாளர் அவசரத்தின் தோளைத் தொட்டு வாசலுக்கு அழைத்துப் போனார். உள்ளே வங்கிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுத் தரகரின் எண்ணை அழுத்தி, கைப்பேசியைக் கணவர் முன் நீட்டினாள்.

"தரைத்தளத்துல ஏதாவது காலியா இருக்கான்னு கேளுங்க. நான் பேச மாட்டேன். நீங்களே கேளுங்க."

மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்றது குரல். அவர் அவளைப் பார்த்தார், அவள் அசையவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவர் பேச ஆரம்பித்தார்.