ஈரம் காயாத மண்

நேற்றுக் காயவைத்த மண் இன்று ஈரமாக இருந்தது.

ரோவீனா விரலால் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. தண்ணீரில் அலசி, சல்லடையில் வடித்து, மின்விசிறிக்கு அடியில் தட்டில் உலரவிட்ட மண் பொடிப்பொடியாக அல்லவா உதிர வேண்டும்? கடலோர மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, ஆய்வறையின் சேற்று வாடைக்கும் கரி வாடைக்கும் நடுவே இன்னொரு வாடை மெல்ல எழுந்தது. பால் வாடை.

"என்னடி தட்டையே முறைக்கிறே? மீன் முள்ளு கண்ணடிச்சுதா?" எதிர் மேசையிலிருந்து வில்மா கேட்டாள். சித்தி மகள்.

"ஒண்ணுமில்லை. மழை ஈரம்."

இவர்களுடைய பழங்குடியின் பழைய ஊர் மேட்டைப் பல்கலைக்கழகமும் குடியும் சேர்ந்து தோண்டுகின்றன. அந்த மண்ணிலிருந்து எலும்பையும் விதையையும் பிரிக்க இருவரும் கற்றுக்கொள்கிறார்கள். குடி வைத்த நிபந்தனைகளில் ஒன்று, வயிற்றுப்பிள்ளைக்காரி அந்த மண்ணைத் தொடக் கூடாது. மேட்டில் புதைந்து கிடப்பவர்கள் பிள்ளைக்கு ஆசைப்பட்டுவிடுவார்களாம். ஊர்க்கூட்டத்தில் ரோவீனாவும் அதற்குக் கைதூக்கியவள்தான்.

பிறகு நாள் தள்ளிப்போனது. ஏற்கெனவே இரண்டு கலைந்திருந்தன. இதுவும் தங்காது, வாயைத் திறந்து வேலையையும் இழப்பானேன் என்று இருந்துவிட்டாள். தங்கிவிட்டது. ஐந்து மாதம். இப்போது அந்தப் பிள்ளைக்காக உயிரையும் கொடுப்பாள். தொளதொள சட்டைக்குள் ஒளித்துவைத்து, அது உதைக்கும்போதெல்லாம் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

இன்று காலையிலிருந்து அது உதைக்கவில்லை.

இடுக்கியை எடுத்தாள். உருப்பெருக்கிக்குக் கீழே கரித்துண்டு, மீன் முள், பெர்ரி விதை. ஒரு மணல்துகள் அசைந்தது. மூச்சுக்காற்றாக இருக்கும் என்று மூச்சை அடக்கினாள். மறுபடி அசைந்தது. அடியிலிருந்து ஏதோ இடித்ததுபோல இரண்டு சின்ன இடி, ஓர் இடைவெளி, மறுபடி ஒன்று.

அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும்.

"வில்மா... நான் முழுகாம இருக்கேன்."

வில்மாவின் கையிலிருந்த சல்லடை தரையில் விழுந்தது. "அடிப்பாவி. எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"தட்டைக் கீழே வை. இப்பவே மேட்டுல கொண்டுபோய்ப் புதைச்சிடறேன். அவங்க மண்ணு அவங்களுக்கே போகட்டும்."

"வேண்டாம்!"

"கொடுடி!"

ரோவீனா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். வில்மா இழுத்தாள். இழுத்தவள் மண்ணைப் பார்த்தாள். கையை விட்டாள். சுவர்வரை பின்வாங்கினாள்.

மழைச் சத்தம் நின்றிருந்தது.

ரோவீனா ஒரு கையைச் சட்டைக்குள் விட்டு வயிற்றைத் தடவினாள். சில்லிட்டிருந்தது. அழுத்தினாள். உள்ளே ஏதோ சரிந்தது. சரசரவென்று. உலர்ந்து. சல்லடையில் மண் சரியும் சத்தம்.

"ஐயோ, என் தங்கமே."

அவள் குலுங்கி அழ அழ, உள்ளே அது சரிந்துகொண்டே இருந்தது. அணைத்திருந்த தட்டில் ஈர மண் ஓரிடத்தில் உப்பியது. கட்டைவிரல் நுனி அளவுக் குதிகால் ஒன்று மண்ணை உள்ளிருந்து தள்ளி, அவள் நெஞ்சில் உதைத்தது.