கண்ணாடி ரெடியா?

உங்கள் ரகசியத்தை யாரை நம்பிச் சொல்வீர்கள்? கையைப் பிடித்துக் கூட்டிவந்தவரை நம்பியா..?

ட்ர்ர்ரிங்!

பெண்கள் கிளினிக்கில் போன் அலறியது. நர்ஸ் எடுத்தாள்.

"என் பொண்ணோட கண்ணாடி ரெடியா?"

முரட்டுக் குரல். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கே கேட்டது. பதினாறு வயது முகம் வெளிறியது!

"ஐயோ... அப்பா!"

பக்கத்தில் இருந்த அத்தை அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

இந்த கிளினிக்கில் பதினாறு முடிந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டாம். மருந்து வந்ததும் வீட்டுக்குப் போன் போகும். யார் எடுத்தாலும் புரியாதபடி ஒரே ஒரு வார்த்தை சொல்வார்கள்.

அப்படி ஒரு வார்த்தை... அப்பாவின் வாயில்!

மாதாமாதம் வலியில் சுருண்டுகொள்பவளுக்கு டாக்டர் எழுதியது கருத்தடை மாத்திரை. வலிக்கும் அதுதான் மருந்து. ஆனால் பேர் தெரிந்தாலே அப்பா படிப்பை நிறுத்திவிடுவார். அத்தையிடம்கூட அவள் மாத்திரையின் பேரைச் சொல்லவில்லை.

"அது என்ன மாத்திரைன்னு சொல்லும்மா!" போன் உறுமியது.

"கண்ணாடிக்கு ஏது சார் மாத்திரை? ராங் நம்பர். கண்ணாடிக் கடை அடுத்த தெரு."

"ரா... ராங் நம்பரா?"

டொக்!

அத்தை பொரிந்தாள். "ஏம்மா நர்ஸு, நீதானே எங்க அண்ணன்கிட்ட போட்டுக்குடுத்தே? உன் வேலைக்கு வேட்டு வெக்கிறேன் பாரு!"

பெண் நிமிர்ந்தாள்.

"அத்தை... சிஸ்டர் எனக்குச் சொன்ன வார்த்தை குடை."



"ஆளுக்கு ஒரு வார்த்தை குடுக்கிறது எங்க பழக்கம்," என்றாள் நர்ஸ். "இவ டாக்டர் ரூம்ல இருந்தப்போ நீங்க வந்து கேட்டீங்களே, கண்ணாடின்னு சொன்னது உங்க ஒருத்தர்கிட்டதான்மா."

அத்தையின் முகம் கறுத்தது.

"கூடப்பொறந்தவர்கிட்ட மறைக்க முடியுமாடி? என்ன மாத்திரைன்னு நீதான் வாயே தொறக்கலையே... அதான் அவரையே கேக்கச் சொன்னேன்!"

"என்னைக் கூட்டிட்டு வந்ததே நீங்கதானே அத்தை?"

"பின்னே? எந்த ஆஸ்பத்திரின்னு வேற எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

பெண் தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள். அழவில்லை.

மறுநாள் காலை, 'குடை ரெடி' என்று வீட்டுக்குப் போன் போனதும், ஸ்கூல் யூனிஃபார்மில் வந்து மாத்திரையை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா?" என்றாள் நர்ஸ்.

"கண்ணாடிக் கடையில சண்டை போட்டுட்டு வந்தாரு சிஸ்டர். அத்தை எது சொன்னாலும் இனிமே நம்ப மாட்டாராம்."

"துணைக்கு இன்னைக்கு யாரு?"

"குடை."

வெளியே நல்ல வெயில்.