குடும்ப நிறைவி

மூன்று தட்டும் காலியான பிறகுதான் வசுமதி தனக்கென்று ஒரு தோசை ஊற்றுவாள். அது வேகுமுன்பே கழுத்தோரம் தோலுக்கடியில் இருந்த நிறைவி ஒருமுறை துடிக்கும். அவ்வளவுதான், பசி போன இடம் தெரியாது. தோசையை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போவாள். மாதக்கணக்காக இதே கதை.

நிறைவி ஓர் அரிசி அளவுதான். இனிப்பைத் தின்னத் தின்ன இன்சுலின் ஏறி, ‘போதும்’ என்று சொல்லும் சுரப்பின் குரல் மூளைக்கு எட்டாமல் போகிறது; அந்தப் ‘போதும்’ என்பதை இது உரக்கச் சொல்லும். கணவன் ஜெயபாலுக்குச் சர்க்கரை எகிறியதும் வீட்டில் நால்வருக்கும் பொருத்தினார்கள். ஒருவர் மைசூர்பாகு டப்பாவைத் திறந்தால் மற்றவர் கை சும்மா இராதே என்று நான்கையும் இணைத்துவிட்டது கம்பெனி. பாதிக்கு மேற்பட்டவர்கள் வயிறு நிறைந்தால் வீட்டுக்கே பசி அணையும். குடும்பம் என்றால் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் என்று எண்ணி இதைச் செய்த புண்ணியவான்கள், தங்களுக்குப் பரிமாறியவள் எப்போது சாப்பிட்டாள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை போலும்.

ஜெயபால் இளைத்து அழகானான். வசுமதி மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மயங்கி விழுந்தாள்.

நிறைவியைச் சோதிக்கக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தான். “நீங்க கடைசியாத்தான் சாப்பிடுவீங்களாக்கா?”

“வேற எப்ப சாப்பிடுறது?” எரிச்சல்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

“சரிக்கா, மாத்திடுறேன். இனிமே உங்க வயிறுதான் கணக்கு. நீங்க நிறைஞ்சாத்தான் மத்தவங்களுக்குப் பசி அடங்கும்.”

அன்று மாலை அவளுக்குப் பசித்தது. எத்தனையோ நாள் கழித்து அணையாமல் நின்ற பசி. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். சுட்டதெல்லாம் மூன்று தட்டுக்கும் போனது, போய்க்கொண்டே இருந்தது. மகன் இனியன் சட்னிக் கிண்ணத்தை விரலால் வழித்தான். மாமியார் சர்க்கரை டப்பாவைக் கேட்டு வாங்கினார். ஜெயபாலும் அதிலிருந்து அள்ளிக்கொண்டான். வசுமதி கடைசி மாவை வழித்து ஊற்றி, வெந்ததும் தன் தட்டில் எடுத்துக்கொண்டாள்.

“என்னங்க, எனக்கு ரொம்பப் பசிக்குது.”

“எங்களுக்கு மட்டும் என்னவாம்? நீ சாப்பிட்டாத்தான் எங்களுக்கு அடங்கும்னு அந்தத் தம்பி சொல்லிட்டுப் போனாருல்ல?” ஜெயபால் தன் தட்டை நீட்டினான். “அதை இங்க வச்சிட்டு, சட்டுன்னு கொஞ்சம் சோறு வடி. எங்களுக்குப் போட்டுட்டு நீயும் உட்காரு.”