அப்பா எப்படி இருக்காரு?

"கொஞ்சம் ஆறடி தள்ளி நில்லுங்க."

இப்படியா ஒரு காதல் கதை தொடங்கும் என்று கேட்காதீர்கள். இரண்டாம் அலை அடித்த அந்த வைகாசியில் எல்லாப் பேச்சும் இப்படித்தான் தொடங்கியது...

அண்ணாமலை நகர் பஸ் நிழற்குடை. கோடை மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடலூர் போகும் ஊழியர் பஸ்ஸுக்காக இலக்கியா காத்திருந்தாள். அங்கே கொரோனா கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குப் போன் பேசுகிற வேலை. யாருக்கு நோய், கூட இருந்தவர்கள் யார், இன்று எப்படி இருக்கிறார்கள் என்று பட்டியலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க விசாரிக்க வேண்டும். ஆறடி என்பது அவள் வாயில் ஊறிப்போன வார்த்தை.

நனைந்தபடி ஓடிவந்தவன் நிழற்குடையை ஒருமுறை அளந்து பார்த்தான்.

"மொத்த ஷெட்டே ஆறடிதாங்க இருக்கும்."

"அப்ப இன்னும் கொஞ்சம் தள்ளி..."

"சரிங்க. வெளியிலயே நிக்கிறேன்."

கையிலிருந்த ஒயர் கூடையை மட்டும் நனையாமல் ஓரமாக வைத்துவிட்டு மழைக்குள் போய் நின்றான். திமிரைப் பார் என்று நினைத்தாள். ஆனால் மாஸ்க்குக்கு மேலே தெரிந்த அந்தக் கண்கள்... தூங்கி நாலு நாள் ஆகியிருக்கும். அவற்றில் திமிர் இல்லை.

"உள்ள வாங்க. நனையிறீங்க இல்ல?"

"வேணாங்க. எங்கப்பாவுக்குப் பாசிட்டிவ். இப்பதான் ஆஸ்பத்திரியில சேத்தேன். அம்மா குடுத்த கஞ்சியக்கூட உள்ள வாங்கல. நீங்க சொன்னதுதான் சரி."

பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் மழையிலேயே நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் அவள் பட்டியலில் பதினேழாவது பெயர் தங்கராசு, வயது அறுபத்தொன்று, கிள்ளை. போன் எண் மகன் இளவரசுடையது.

"வணக்கங்க. கடலூர் கட்டுப்பாட்டு அறையிலேருந்து இலக்கியா பேசுறேன். அப்பா எப்படி இருக்காரு?"

"ஆறடி தள்ளி நின்னுதாங்க பேசுறேன்."

இலக்கியா சிரித்துவிட்டாள். அந்த அறையில் யாரும் சிரித்து வெகு நாளாகியிருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்களும் அம்மாவும் தனித்தனி ரூம்ல இருக்கணும். பதினாலு நாள் வெளிய போகக் கூடாது."

"வீட்ல இருக்கிறதே ஒரு ரூம்தாங்க. நான் மாட்டுக் கொட்டாயில படுத்துக்கிறேன்."

"மாட்டுக்கும் மாஸ்க் போட்டுட்டீங்களா?"

"அது ஆறடிக்கே ஒத்துக்க மாட்டேங்குது."

அப்புறம் தினமும் காலை பத்து மணி. ஒருநாள் அப்பா கஞ்சி குடித்தாராம். நாலாம் நாள் உட்கார்ந்து பேப்பர் படித்தாராம். ஐந்தாம் நாள் டீ கேட்டு நர்ஸம்மாவிடம் சண்டையாம். மற்ற எண்களைப் போட்டால் அழுகை. இந்த ஒரு வீட்டில் மட்டும் ஒரு மனுஷன் பிழைத்து எழுந்துகொண்டிருந்தார். பதினேழாவது பெயர் வரட்டும் என்று அவள் பதினாறு அழுகைகளையும் தாங்கிக்கொண்டாள்.

ஆறாம் நாள் மாலை, மேலதிகாரி ஞானசேகரன் ஒரு காகிதத்தோடு வந்தார். ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் பட்டியல். மூன்று நாள் தாமதமாக வந்திருந்தது.

"கிள்ளை தங்கராசு மூணாம் நாளே போயிட்டாரும்மா. செத்தவரு வீட்டுக்குப் போன் போட்டு எப்படி இருக்காருன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம். பேரை எடுத்துரு. வீட்ல இருக்கிறவங்கள இனிமே ஊர் நர்ஸம்மா பாத்துப்பாங்க."

பேப்பர்... டீ... சண்டை... எல்லாம் பொய்யா? என்னை என்ன முட்டாள் என்று நினைத்தானா? பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இனி அவனோடு பேசவே கூடாது. மறுநாள் பேசவுமில்லை.

ஆனால் அன்று பகல் முழுக்க ஒரே யோசனை. பத்து மணிக்குப் போனையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பானே... நானும் கேட்காவிட்டால் அவன் அப்பாவை இனி யார் விசாரிப்பார்கள்?

எட்டாம் நாள் பத்து மணிக்கு, வராந்தாவுக்குப் போய்த் தன் செல்போனிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா எப்படி இருக்காரு?"

அந்தப் பக்கம் மாடு ஒருமுறை கத்தியது.

"நல்லா இருக்காருங்க."

"காய்ச்சல், இருமல் உங்களுக்கு?"

"இல்லீங்க."

அவ்வளவுதான். தினமும் அதே கேள்வி, அதே பொய். பதினாலாம் நாள் அவனே கேட்டான்.

"நாளைக்கு அந்த பஸ் ஸ்டாப்புக்கு வருவீங்களா?"

போனாள். மறுபடியும் மழை. அவன் முன்பு போலவே வெளியே நின்றிருந்தான். அதே ஒயர் கூடை. உள்ளே மடித்த சட்டையும் ஒரு மூக்குக்கண்ணாடியும் இருந்தன.

"அப்பா இல்லீங்க," என்றான். "பன்னெண்டு நாளாச்சு. இத வாயால இப்பதான் சொல்றேன்."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ஆபீஸ் நம்பர் போயி செல் நம்பர்ல வந்தப்பவே புரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சேதான் பொய் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான கேட்டீங்க?"

கூடையிலிருந்து அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"தூரத்துல நின்னு பாருன்னாங்க. மூட்டையா கட்டிக் கொண்டாந்தாங்க. முகத்தக்கூட பாக்கல. நீங்க கேக்குற அந்த ரெண்டு நிமிஷந்தான் அவரு உசுரோட இருந்தாரு. அவருக்காகப் பேசினனா, உங்க குரலுக்காகப் பேசினனா... பிரிச்சுச் சொல்லத் தெரியல. இனிமே அவர விசாரிக்க மாட்டீங்க. அதோட நீங்களும் போயிடுவீங்களோன்னு பயமா இருக்கு. எனக்கு நீங்க வேணும், இலக்கியா."

அவள் முகக்கவசம் நனைந்துபோயிருந்தது. மழையால் அல்ல. எத்தனை வீடுகளில் எத்தனை பேரிடம் காய்ச்சலா, இருமலா என்று கேட்டிருக்கிறாள்... பட்டியலில் இல்லாத ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருந்தது.

"நீங்க எப்படி இருக்கீங்க, இளவரசு?"

நல்லா இருக்கேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பழக்கம் அல்லவா... முடியவில்லை.

"நல்லா இல்லீங்க."

இலக்கியா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது.

"உள்ள வாங்க," என்றாள். "நாளைக்கும் கேப்பேன். நல்லா இருக்கேன்னு நீங்க நிஜமா சொல்ற வரைக்கும்... அதுக்கப்புறமும்."