அழித்த சிரிப்பு

டிவித் திரையில் செத்துக் கிடந்த அல்போன்சம்மாளின் இடது இமை மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. இமையோரமாக ஊர்ந்தது, மூக்குத் தண்டில் ஏறியது, உதட்டுக்கு இறங்கியது. அவள் அசையவில்லை.

சவரிராஜ் டேப்பை நிறுத்தினார். அப்படி அசையாமல் கிடக்கக் கூடியவள் அல்ல அவர் மனைவி. படமெடுத்த அன்று தாடைக்கட்டுக் கட்டும்போதே கூச்சம் தாங்காமல் நெளிந்து, சிரித்து, ஷாட்டைத் திரும்பத் திரும்பக் கெடுத்தவள். ஈ உட்கார்ந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். அன்றைக்கு வீட்டில் ஈயே இல்லை என்பதும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

சமையலறையில் கருவாடு பொரியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டதில் மார்சிலிங் அடுக்குமாடிகள் எல்லாம் மத்தியானத்திலேயே இருட்டிக் கிடந்தன. "அல்போன்சு" என்று கூப்பிட்டார். பொரியும் சத்தம் நின்றது.

"இங்கதாங்க இருக்கேன்."

அது 1985ஆம் வருஷம். சவரிராஜ் கப்பல் பட்டறையில் குமாஸ்தா. வேலை முடிந்து வந்தால் எழுத்துதான். யார் தயவும் வேண்டாம், குடும்பத் தொடர் ஒன்றை நாமே வீடியோவில் எடுத்துப் பகுதி பகுதியாகக் கேசட்டில் வாடகைக்கு விட்டுப் பார்ப்போம் என்று அவரும் அப்துல் அலீமும் துணிந்து இறங்கியிருந்தார்கள். அலீமுக்குப் பஃபலோ ரோட்டில் வீடியோ கடை, கேமராவும் அவருடையதே. எழுதுவது, நடிக்க ஆள் பிடிப்பது, இரண்டு வீடியோ டெக்குகளை ஒயரால் கோத்து வேண்டிய காட்சிகளை மட்டும் வேறு டேப்பில் ஏற்றுவது எல்லாம் சவரிராஜ் பொறுப்பு. நான்காம் பகுதியில் கதையின் தாய் சாக வேண்டும். பிணமாகப் படுக்க எந்தப் பெண்ணும் சம்மதிக்காததால் அல்போன்சம்மாளே தாய் வேஷம் போட்டாள். சொந்த ஹாலில் பாய் விரித்து, தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றி, கையில் செபமாலையைச் சுற்றி அவளைக் கிடத்தினார்கள். கோயிலுக்கு வரும் பெண்கள் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள்.

அலீம் ஒரு காலத்தில் கோடம்பாக்கத்தில் லைட் தூக்கியவர். பிணமாக நடித்தவரை அப்படியே விட்டுவிட்டுக் கேமராவை அணைக்கக் கூடாது. அவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் எடுத்த பிறகுதான் ஷாட் முடிந்த கணக்கு, இல்லாவிட்டால் செத்தது செத்ததாகவே நின்றுவிடும் என்பது அங்கே அவர் கற்ற பாடம். "அக்கா, செத்தது போதும். எந்திரிச்சு கேமராவப் பார்த்துச் சிரிங்க" என்றார். தாடைக்கட்டை அவிழ்த்துவிட்டு அல்போன்சம்மாள் சிரித்த சிரிப்பில், அழ வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை சவரிராஜ் அழித்துவிட்டார். வேண்டாததை வைத்துக்கொள்வது அவர் சுபாவமில்லை. கதையில் இல்லாத காட்சிக்கு டேப்பில் எதற்கு இடம் என்று, போன வாரம் பிணத்தின் ஷாட் முடிகிற இடத்துக்கே டேப்பைச் சுற்றி, மகன் ஊர் திரும்பும் காட்சியை அதன்மேல் எடுக்கச் செய்தார். டேப்பை வைத்துச் சுற்றியது அவர். அலீமுக்கு அது தெரியாது.

மறுபடி ஓட்டினார். மெழுகுவத்தி, பாய், அழும் பெண்கள். நாலு பேர். ஐந்தாவதாக ஒருத்தி சுவரோரம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளை அவர் கூப்பிடவில்லை. இன்னொரு முறை ஓட்டினார். சுவரோரம் இப்போது வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களும் இருந்தார்கள். யாரும் அழவில்லை. விருந்து வீட்டில் இலை போடுவதற்குக் காத்திருப்பவர்கள் போலப் பொறுமையாக இருந்தார்கள்.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பு அணைந்திருந்தது. கருவாட்டு வாசனையோடு மெழுகு கருகும் வாசனையும் கலந்து வந்தது. வீட்டில் எங்கும் மெழுகுவத்தி எரியவில்லை. அல்போன்சம்மாள் சட்டியைப் பார்த்தபடி நின்றாள். அவள் கையைப் பிடித்தார். சில்லென்று இருந்தது, ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மீன் போல. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன வாரத்திலிருந்து அவள் ஒரு தடவை கூடச் சிரிக்கவில்லை. லிஃப்டில் அலீம் அடித்த ஜோக்குக்குக் கூட உதட்டை மட்டும் இழுத்து வைத்தாள், மறந்துபோன ஒன்றை நினைவுபடுத்திப் பார்ப்பவள் போல.

"உடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லங்க. படுத்தாத் தேவலை போல இருக்கு." அவள் பார்வை ஹாலுக்குப் போனது, பாய் விரித்திருந்த இடத்துக்கு.

படுக்காதே, எதற்காகவும் படுக்காதே என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, மழையோடு பஸ் ஏறினார். கடையில் விஷயத்தைச் சொன்னதும் அலீமின் முகம் மாறிவிட்டது. கேலியும் இல்லை, கோபமும் இல்லை.

"அத போயி ஏண்ணே அழிச்சீங்க?" என்றார் மெதுவாக. "கேமராவ எடுத்துக்கிட்டு ஓடுங்க. அக்கா சிரிக்கணும். படம் புடிச்சே ஆகணும். கடைய அடைச்சிட்டு நானும் பின்னாலயே வர்றேன் லா."

திரும்பி வந்தபோது தாழ்வாரத்தில் விளக்கு போட்டிருந்தார்கள். கதவைத் திறந்தார். அல்போன்சம்மாள் படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து, சொன்ன வாக்குக்காக நின்றுகொண்டிருந்தாள். ஹால் காலியாக இருந்தது. மெழுகு வாசனை முன்னைவிட அடர்ந்திருந்தது.

"அல்போன்சு, கொஞ்சம் சிரி. ஒரே ஒரு தடவ. அன்னைக்கி மாதிரி."

"சரிங்க" என்றாள்.

கேமராவைத் தோளில் ஏற்றினார். பட்டனை அழுத்தினார். கேமராவில் படம் பார்க்கும் குழலில் கண் வைத்தார். உள்ளே சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் தெளிந்தது.

சுவரோரம் அவள் இல்லை.

பாய் இருந்தது. பாயில் அவள் கிடந்தாள். தாடையில் கட்டு. கையில் செபமாலை. சுற்றிலும் ஆட்கள். இடைவெளி விடாமல், முழங்கால் இடிக்க, வாசல் வரைக்கும்.

கண்ணை எடுத்தார். ஹால் காலி. சுவரோரம் அல்போன்சம்மாள் நின்றாள். அவள் உதடு மெல்ல விரிய ஆரம்பித்திருந்தது.

படம் பிடித்தே ஆக வேண்டும். மறுபடி கண் வைத்தார்.

பாய். கட்டு. மூடிய கண்.

"சிரி, அல்போன்சு." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "சிரி தாயீ."

டேப் ஓடும் சத்தம். மழை. அவருடைய மூச்சு. அவர் மூச்சு மட்டும்.

"சிரிச்சுட்டேங்க" என்றது சுவரோரத்திலிருந்து அவள் குரல். "போதுமா?"

குழலுக்குள் முக்காடு போட்டவள் முதலில் திரும்பினாள். கேமராவைப் பார்த்தாள். சிரித்தாள். அடுத்து அவள் பக்கத்தில் இருந்தவன். அப்புறம் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவள். சத்தமே இல்லாமல், வரிசை தவறாமல், ஒவ்வொரு முகமாக அவர் பக்கம் திரும்பிப் பல் தெரியச் சிரித்தது. வாசல்வரை. எல்லோரும்.

பாயில் கிடந்தவளைத் தவிர.